முதல் பத்தியில் யார் நிற்கிறார்கள்?

(கடலாடியில் இளைஞர்களுக்கான கட்டுரைப் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த முகாமுக்காக நீங்கள் எழுதி அனுப்பிய 16 கட்டுரைகளையும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். உங்களுக்குப் பிடித்த ஒரு தமிழ் நூலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஐந்து பேர் ‘இலக்கியம் காலத்தின் கண்ணாடி’ என்று தொடங்கியிருக்கிறீர்கள். நான்கு பேர் ஒரு பிரெஞ்சு அறிஞரையோ ஜெர்மன் அறிஞரையோ வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறீர்கள். நான்கு பேருக்கு ‘ஒடுக்கப்பட்ட மக்களின் வலியை உரக்கப் பேசும் படைப்பு’. இரண்டு பேருக்கு ‘வறண்ட பூமியான இராமநாதபுரம்’. மீதி ஒரு கட்டுரையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கேலி செய்யவில்லை தோழர்களே. என் ஆய்வேட்டின் முதல் இயலை நானும் கண்ணாடியை வைத்துத்தான் தொடங்கினேன். அதை நான்கு முறை கிழித்துப் போட்டபோது கற்றுக்கொண்டதைத்தான் இன்றைக்குப் பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. உங்கள் முதல் வாக்கியத்தை வெட்டி எடுங்கள். அதை வேறொரு நூலைப் பற்றிய கட்டுரையின் தலையில் ஒட்டுங்கள். ஒட்டிக்கொள்கிறதா? அப்படியென்றால் அந்த வாக்கியம் உங்களுடையதும் இல்லை, அந்த நூலுடையதும் இல்லை. கண்ணாடி வாக்கியம் சங்கப் பாட்டுக்கும் ஒட்டும், நேற்று வந்த நாவலுக்கும் ஒட்டும். அதை எழுதும்போது நாம் இன்னும் சிந்திக்கத் தொடங்கவில்லை. பேனாவுக்கு மை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

‘வறண்ட பூமி’ அதைவிடச் சிக்கலானது. நம் மாவட்டத்தைத் தண்ணியில்லாக் காடு என்று சொல்லிச் சொல்லி, இங்கே நடப்பதெல்லாம் வெயிலின் வேலை என்று ஆக்கிவிட்டார்கள். வெயில் காய்கிறது, மனிதர்கள் முரடாகிறார்கள், அரிவாள் எடுக்கிறார்கள் என்று கதை போகிறது. ஆனால் கண்மாய்த் தண்ணீர் யார் வயலுக்கு முதலில் பாய வேண்டும் என்பதை மேகமா முடிவுசெய்கிறது? நிலத்தின் வறட்சியோடு கட்டுரையைத் தொடங்கினால், மூன்றாவது பத்தியில் வரும் சாதியும் பருவநிலை மாதிரி ஆகிவிடும். யார் மீதும் பொறுப்பு விழாது.

1957-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ‘முதுகுளத்தூர் கலவரம் வெடித்தது’ என்று ஒரு கட்டுரை தொடங்கலாம். கலவரம் என்ன, வெயிலில் கிடந்த பட்டாசா, தானாக வெடிக்க? இன்னொரு கட்டுரை இப்படித் தொடங்கலாம்: செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் கூட்டிய அமைதிப் பேச்சுக்குத் தன் மக்களின் பிரதிநிதியாக வந்து உட்கார்ந்தார் இமானுவேல் சேகரன், மறுநாள் பரமக்குடியில் அவரைக் கொன்றார்கள். இரண்டும் ஒரே வரலாற்றைப் பற்றியவைதான். முதலாவதில் மனிதரே இல்லை. இரண்டாவதில் ஒருவர் சமமாக வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் ஏன் கொல்லப்பட்டார் என்று கேட்காமல் வாசகர் அடுத்த பத்திக்குப் போக முடியாது. அந்தக் காலத்தைப் பேசும் ஒரு கதைக்கோ நாவலுக்கோ நீங்கள் விமர்சனம் எழுதினாலும் இந்த வேறுபாடு பொருந்தும்.

ஈர்ப்பான தொடக்கம் என்றால் அதிரடியாக இருக்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒரு கேள்வி, ஒரு பழமொழி, ஒரு அதிர்ச்சி. எனக்குத் தெரிந்தவரை வேலை வேறு. யாரிடம் பேசுகிறோம், எங்கே நின்று பேசுகிறோம் என்ற இரண்டையும் முதல் பத்தி சொல்லிவிட வேண்டும். இதை அண்ணல் அம்பேத்கரைவிட நன்றாகச் செய்துகாட்டியவர்கள் குறைவு. அவருடைய இரண்டு தொடக்கங்களைப் பார்ப்போம். இரண்டும் இலக்கியக் கட்டுரைகள் அல்ல. ஆனாலும் கட்டுரை எழுதுகிற எவருக்கும் அவற்றில் பாடம் இருக்கிறது.

1916 மே 9. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் கட்டுரை படிக்கிறார். ‘இந்தியாவில் சாதிகள்’. கேட்பவர்கள் அமெரிக்காவில் படிப்பவர்கள். அவர்களுக்குச் சாதி தெரியாது. கண்காட்சி தெரியும், பொம்பேயி நகரத்தின் இடிபாடுகள் தெரியும். அவர் அங்கிருந்தே தொடங்குகிறார். பொருள்களைக் கண்காட்சியாக வைப்பதைப் பார்த்திருப்பீர்கள், மனிதர்கள் உண்டாக்கிய நிறுவனங்களையும் அப்படிக் காட்ட முடியும் என்று யோசித்ததுண்டா என்கிற தொனியில் பேச்சு போகிறது. இடிபாடுகளைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டியைப் போன்றவன்தான் சமூகத்தை ஆராய்பவனும் என்கிறார். கேட்பவர்கள் அறிந்த இடத்திலிருந்து அவர்கள் அறியாத இடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப்போகிறார். அகமணமுறையே சாதியின் உயிர்நிலை என்ற பெரிய வாதம் பிறகுதான் வருகிறது.

20 ஆண்டுகள் கழித்து, 1936. லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டுக்குத் தலைமை உரை எழுதுகிறார். இந்த முறை கேட்கப்போகிறவர்கள் சாதி இந்துச் சீர்திருத்தக்காரர்கள். சாதி என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய சிக்கல், அதைச் சொல்லப்போகிறவர் யார் என்பது. அவர் அங்கேயே கை வைக்கிறார். என்னைத் தலைவராகத் தேர்ந்ததற்காக உங்கள்மேல் கேள்விகள் பாயுமே, அதற்காக வருந்துகிறேன் என்று தொடங்குகிறார். தீண்டப்படாதவன் ஒருவனை இந்துக்கள் குருவாக ஏற்க சாஸ்திரம் இடம் தருமா என்று அவர்கள் மனதுக்குள் ஓடும் கேள்வியை எடுத்து மேசைமேல் வைக்கிறார். பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பணிவுக்கு முன்னால் யாராலும் நிமிர்ந்து உட்கார முடியாது.

பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியும். உரையின் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள், ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று மறுத்தார், மாநாடே நின்றுபோனது. தன் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். பெரியார் அதைத் தமிழில் கொண்டுவந்தார். நிகழாமல் போன ஒரு பேச்சை இன்றைக்கும் நாம் படிக்கிறோம்.

ஒரே மனிதர், ஒரே பொருள், இரண்டு தொடக்கங்கள். ஆளுக்கேற்ப வாசல் மாறியது. இரண்டிலும் அவர் தன் காயத்தைக் காட்டி உள்ளே நுழையவில்லை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் ஆய்வின் தொடக்க நாட்களில் ஒரு மூத்த பேராசிரியர் என் முதல் இயலைப் படித்துவிட்டுச் சொன்னார்: “கோட்பாடெல்லாம் எதுக்குப்பா, நீ அங்கேயிருந்து வந்தவன். உன் அனுபவத்துல ஆரம்பி. படிக்கிறவன் கலங்கணும்.” அதே அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பரிடம் அவருடைய அனுபவத்தை யாரும் கேட்கவில்லை. கோட்பாட்டு முறையியலை இன்னும் கூர்மையாக்கச் சொன்னார்கள். அவர் வாதம் வைக்க வேண்டும், நான் சாட்சி சொல்ல வேண்டும். இருவரும் எழுதியது ஒரே நாவலைப் பற்றி.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. உதவுவதாகத்தான் நினைத்தார். அன்றிரவு விடுதிக்குப் போய் அவர் சொன்னபடி எழுதியும் பார்த்தேன். நன்றாகவே வந்தது. அதுதான் பயமாக இருந்தது. என் அம்மாவுக்கு நடந்த ஒன்றை, அவரிடம் கேட்காமல், அடுத்தவர் கண்ணை நனைக்கிற அளவுக்கு இழைத்து வைத்திருந்தேன். காலையில் கிழித்துப் போட்டேன்.

அனுபவத்தை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அனுபவம் நுழைவுச்சீட்டாக ஆகக் கூடாது என்கிறேன். பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தது. கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்த ஒரு பெண் எழுதிய தன்வரலாறு. விற்கிற தொடக்கம் வேண்டுமென்றால் மடத்தின் கதவிலிருந்து தொடங்கியிருக்கலாம். அவர் தன் ஊரின் அழகிலிருந்து தொடங்குகிறார். மலைகள் வருகின்றன, குளங்கள் வருகின்றன. பிறகு நிலம் யார் கையில் இருக்கிறது, எந்தத் தெரு யாருடையது என்று வருகிறது. அதுவும் தன் தெருவின் பேச்சுமொழியிலேயே. ‘இது என் ஊர், இதன் அழகுக்கும் நான் உரிமைக்காரி’ என்று முதலில் நிலைநாட்டிவிட்டுத்தான் அநியாயத்தைப் பேசுகிறார். அதனால்தான் தெருக்கள் பிரியும்போது நமக்குக் கூடுதலாக வலிக்கிறது.

அவருடைய அண்ணன் ராஜ் கௌதமன் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ எழுதியபோது அதே ஊருக்குக் கேலியின் வழியாகப் போனார். ஒரே ஊர், ஒரே குடும்பம். அண்ணனும் தங்கையும்கூட ஒரே வாசலில் நுழையவில்லை. நம் எல்லாருக்கும் ‘வலி’ என்று ஒரே வாசலை யார் கட்டிவைத்தது?

இப்போது அந்தப் பதினாறாவது கட்டுரைக்கு வருகிறேன். எழுதிய தங்கை இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் அனுமதி கேட்டுவிட்டேன், பெயர் சொல்லப்போவதில்லை. ‘கருக்கு’ பற்றிய கட்டுரை. முதல் இரண்டு பத்திகள் நம் எல்லாரையும் போலத்தான்: தமிழ் தலித் இலக்கியத்தில் பாமாவுக்கு முக்கிய இடம் உண்டு, இத்யாதி. மூன்றாவது பத்தியில் திடீரென்று அவருடைய அப்பத்தா வருகிறார். சாயல்குடிப் பக்கம் பனங்காட்டில் மட்டை பொறுக்கி நார் உரிப்பவர். மட்டையை எப்படிப் பிடித்தால் கை கிழியாது, அரிவாளால் கருக்கை எந்தப் பக்கமிருந்து சீவ வேண்டும் என்று பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ஐந்தே வரி.

விறகுக்குப் பனங்கருக்கு பொறுக்கும்போது உடம்பைக் கிழித்துக்கொண்டதை பாமா தன் முன்னுரையில் சொல்கிறார். இருபுறமும் ரம்பப்பல் உள்ள அந்த மட்டையைத்தான் விமர்சகர்கள் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள்: இருபுறமும் வெட்டும் ஆயுதம் என்று. அப்பத்தாவுக்குத் தெரிந்தது இன்னொன்று. கருக்கைப் பிடிக்க ஒரு முறை இருக்கிறது, அதைச் சீவினால் உள்ளே நார் இருக்கிறது. காயத்தைத் தாண்டி அங்கே ஒரு தொழிலறிவு இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு அந்த நூலிடம் ஒரு புதுக் கேள்வி கேட்கலாம்: இந்தப் பெண்கள் எதனால் காயப்பட்டார்கள் என்பதோடு, எதையெல்லாம் கையாளத் தெரிந்திருந்தார்கள்? வயலிலும் வீட்டிலும் தெருவிலும் அவர்களுடைய பேச்சும் சிரிப்பும் பாட்டும் என்ன வேலை செய்கின்றன? இந்தக் கேள்வியோடு ‘கருக்கை’ மறுபடி படித்துப் பாருங்கள். வேறு புத்தகமாகத் தெரியும்.

நான் அந்தத் தங்கையிடம் சொன்னது ஒன்றுதான்: முதல் இரண்டு பத்தியை எடுத்துவிடு, மூன்றிலிருந்து தொடங்கு. “அப்பத்தாவைப் பத்தி எழுதினா கட்டுரைன்னு ஒத்துக்குவாங்களாண்ணே?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை யார் நம் தலைக்குள் வைத்தார்கள் என்று யோசித்தபடிதான் பேருந்தில் வந்தேன்.

அப்பத்தாவோடு நின்றுவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் முதல் பத்தியில் வந்தால் கடைசிப் பத்தி வரை அவருக்கு வேலை இருக்க வேண்டும். வாசலில் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டால், பிரெஞ்சு அறிஞரை நிறுத்தியதற்கும் அப்பத்தாவை நிறுத்தியதற்கும் வித்தியாசமில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வேலை தருகிறேன். உங்கள் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியை ஒரு தாளால் மூடிவிட்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் படிக்கக் கொடுங்கள். எந்த வரியில் அவர் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ அங்கே ஒரு கோடு போடுங்கள். பெரும்பாலும் உங்கள் கட்டுரை அங்கேதான் தொடங்குகிறது. அதன் பிறகு மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இதை யாரிடம் சொல்கிறேன்? இந்தப் பத்தியில் வேலை செய்கிற ஆள் யார்? இதில் வருபவர் நாளைக்கு இதைப் படித்தால், என்னை வைத்துச் சம்பாதித்துவிட்டாய் என்று நினைப்பாரா?

மூன்றாவது கேள்விக்கு என்னிடம் இன்னும் முழுப் பதில் இல்லை. என் முதல் இயலின் இப்போதைய தொடக்கத்தைப் போன மாதம் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “அந்த வருசம் ரெண்டு மழை பெய்ஞ்சுச்சு, ஒண்ணுன்னு எழுதிருக்க” என்றார். திருத்திவிட்டேன்.

தாளை எடுங்கள் தோழர்களே.