ஏலக்காயை கிராம் கணக்கில் நிறுக்கிறோம். தண்ணியை எப்போது அளக்கப் போகிறோம்?

(போடிநாயக்கனூர் தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்ம ஊரில் ஏலக்காயை 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று சலித்துத் தரம் பிரிக்கிறோம். ஏலத்தில் ஒரு ரூபாய்க்கும் கணக்கு இருக்கு. ஆனா அந்த மலையில் பெய்யிற மழை கொட்டகுடி ஆறாக இறங்கி வருதே, நம்ம போர்வெல்லில் ஊறுதே, அதுக்கு யாராவது கணக்கு வச்சிருக்கோமா?

ஒரு கணக்குப் போடுவோம். 1,000 சதுர அடி வீட்டுக்கு 5 அங்குல கனத்தில் மேல்தளம் போட்டால் சுமார் 12 கனமீட்டர் காங்கிரீட். கனமீட்டருக்கு 180 லிட்டர்னு வச்சாலும், கலவைக்கு மட்டும் 2,000 லிட்டருக்கு மேல. அப்புறம் பாத்தி கட்டி 2 அங்குலம் தண்ணி நிறுத்தினால், ஒரு தடவைக்கே சுமார் 4,700 லிட்டர். குறைந்தது 7 நாள், வெயில் காலத்தில் 10 நாள் ஈரம் காயக்கூடாது என்கிறது இந்தியத் தரநிலை. அதுவும் நியாயம்தான், இல்லேன்னா தளம் வெடிக்கும்.

இது நம்ம கண்ணுக்குத் தெரியிற தண்ணி. தெரியாத தண்ணி எங்கே? கிரஷரில் எம்-சாண்ட் கழுவுறதில், காளவாசலில் மண் குழைக்கிறதில், ஹாலோ பிளாக்கை 14 நாள் நனைக்கிறதில். இதைத்தான் "தண்ணீர்த் தடம்" என்று 2002-இல் நெதர்லாந்து அறிஞர் ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா பேச ஆரம்பித்தார். 2014-இல் அதை அளக்க ஐ.எஸ்.ஓ. 14046 என்ற உலகத் தரநிலையே வந்துவிட்டது. அளக்க வழி இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

சட்டம்? 2003-இல் தமிழக சட்டமன்றம் நிலத்தடி நீருக்கு ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கே வரலை. 2013-இல் ரத்து செய்துவிட்டார்கள். பத்து வருசம் தாளில் தூங்கிய சட்டம்!

தொழிலை மூடச் சொல்லலை. அங்கே வேலை பார்க்கிற சித்தாளும், லோடுமேனும் நம்ம வீட்டுப் பிள்ளைகள்தான். நாம் கேட்பது மூன்றே மூன்று:

1. ஒவ்வொரு கிரஷர், பிளாக் கம்பெனி, காளவாசல் போர்வெல்லிலும் மீட்டர்.
2. மணல் கழுவிய தண்ணியைத் தொட்டியில் தெளிய வைத்து, திரும்பப் பயன்படுத்தணும்.
3. மாதாமாதம் எடுத்த அளவை ஊராட்சிப் பலகையில் எழுதணும்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்றைக்குத்தான் கிராம சபையும் கூடுது. கையெழுத்துப் போட்டுட்டு எழுந்து வந்துடாதீங்க. இந்த மூன்றையும் தீர்மானமாக எழுத வைங்க. படிச்சுக் காட்டச் சொல்லுங்க.

குடம் தூக்கிப் போற அம்மாவுக்கு எத்தனை குடம்னு கணக்குத் தெரியும். லாரி லாரியாக எடுப்பவர்களுக்கும் தெரியட்டும்.



#தண்ணீருக்கும்_கணக்கு_வேண்டும்