வாத்தின் முதுகில் ஒரு நாடு



ஒரு நாட்டைப் பிள்ளைகளுக்கு எப்படி அறிமுகப்படுத்துகிறோம்? தலைநகரம், மக்கள்தொகை, நாணயம். பிள்ளையும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும். பரீட்சை முடிந்தால் மறந்துவிடும்.

சுவீடன் நாட்டு ஆசிரியர் சங்கம் ஒன்று வேறு வழி பார்த்தது. நம் நாட்டைப் பற்றிப் பிள்ளைகள் படிக்க ஒரு பாடநூல் எழுதித் தாருங்கள் என்று நாவலாசிரியை செல்மா லாகர்லெவிடம் கேட்டது. க.நா.சு. மொழிபெயர்த்த ‘மதகுரு’வைப் படித்தவர்களுக்கு இவரைத் தெரியும். பத்து வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவர். ஊர் ஊராகப் போய், அந்தந்த மண்ணின் பறவை, பயிர், பாட்டி கதை எல்லாம் திரட்டினார். 1906, 1907-இல் இரண்டு பகுதிகளாக நூல் வந்தது.

அதில் நில்ஸ் என்று ஒரு பொல்லாத பையன். வீட்டைக் காக்கும் குள்ளப் பூதத்தைச் சீண்டப்போய், அவனே சுண்டைக்காய்ப் பயலாகச் சுருங்கிவிடுகிறான். வெள்ளை வாத்து ஒன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காட்டு வாத்துக் கூட்டத்தோடு தென்கோடியிலிருந்து வடக்கே லாப்லாந்து வரை பறக்கிறான். கூட்டத்தை நடத்திச் செல்லும் கிழட்டு வாத்தின் பெயர் என்ன தெரியுமா? அக்கா! வடக்கே அந்தப் பெயரில் ஒரு மலையே இருக்கிறது.

முதல் நாள் பையன் பயந்துகொண்டே கீழே பார்க்கிறான். தரை முழுக்கக் கட்டம் போட்ட துணி விரித்த மாதிரி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பச்சைக் கட்டம், பனிக்கு அடியிலும் வாடாமல் கிடந்த ரை பயிர். வெளிறிய மஞ்சள், அறுத்த வயலின் தாள். கருப்பு, உழுது போட்ட தரிசு. தென்கோடியில் உள்ள ஸ்கோனெ மாகாணத்தின் விவசாயம் முழுவதும் அந்த ஒரு பார்வையில் பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. ‘சமவெளி’ என்ற சொல்லுக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கவில்லை.

எல்லா ஊருக்கும் இடம் கிடைத்தது என்று சொல்ல முடியாது. ஹல்லாண்ட் மாகாணத்தை வாத்துகள் சும்மா கடந்துபோய்விட்டன என்று அந்தப் பக்கத்து மக்களுக்கு மனக்குறை. ஒரு பாடநூலில் தன் ஊர் வரவில்லையே என்று ஜனங்கள் ஏங்கினார்கள் என்றால், அது எப்பேர்ப்பட்ட பாடநூல்!

நமக்கும் வாத்துகள் வருகின்றன. குளிர்காலத்தில் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். தலையில் இரண்டு கருங்கோடு போட்ட வரித்தலை வாத்து, மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வந்து அங்கே மேய்ந்துகொண்டிருக்கும். கரையில் உட்காரவைத்து, வருகிற வழியில் இது கீழே என்னவெல்லாம் பார்த்திருக்கும் என்று மட்டும் கேளுங்கள். நில வரைபடத்தைப் பிள்ளையே எடுத்துவரச் சொல்லும்.