ஆறாம் வகுப்புக் கட்டுரைக் கொப்பி

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், 1972ஆம் ஆண்டு ஆறாம் வகுப்பிற் சேர்ந்த மாணவிகளின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஒவ்வொரு வகுப்பினரும் பத்து நிமிடம் பேசலாம், தங்கள் வகுப்பின் சாதனைகளைச் சொல்லலாம் என்று செயலாளர் அறிவித்திருந்தார். எங்கள் சாதனைகள் எவை என்று வட்ஸ்அப் குழுவில் ஒரு மாதம் வாதாடினோம். முடிவுக்கு வர முடியவில்லை. அப்போது எங்களில் ஒருத்தி ஒரு படத்தை அனுப்பினாள். பழுப்பேறிய கட்டுரைக் கொப்பியின் பின்பக்கம் அது. அதைப் பார்த்த பிறகு எதைப் பேசுவது என்ற கேள்வி எழவில்லை. இங்கே ஒரு குரல் வாசித்தாலும் எழுதியது நாங்கள் எல்லோரும்தான்.

1972இல் ஆறாம் வகுப்பில் நாங்கள் 36 பேர். இரண்டாம் தவணையில் தமிழ் ரீச்சர் ‘எதிர்காலத்தில் நான்’ என்று கட்டுரை எழுதச் சொன்னார். கொப்பிகளைச் சேர்த்து ரீச்சரின் மேசையில் வைக்கும் பொறுப்பு வகுப்புத் தலைவியினுடையது. அவள் எல்லாவற்றையும் திறந்து பார்த்து, தன் கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு வைத்தாள். டொக்டர் 21. ரீச்சர் 6. எஞ்சினியர் 4. அப்புக்காத்து 2. விமானம் ஓட்டுபவர் 1. நூலகர் 1. கடைசி வரியில் ‘பஸ் றைவர் 1’ என்று எழுதி, பக்கத்தில் ஓர் ஆச்சரியக் குறி.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்குப் போனபோது, அவளுடைய அம்மா காணி உறுதிகள் இருந்த தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அந்தப் பெட்டியின் அடியில் இந்தக் கொப்பியும் கிடந்திருக்கிறது.

இருபத்தொரு டொக்டர்கள் ஏன் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். அவர்களுக்கும் காரணம் தெரியும். எங்களிற் சிலர் பிறந்ததே இணுவில் மக்லியோட் ஆஸ்பத்திரியில். அயலிலுள்ள மானிப்பாயில் கிறீன் வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்திருந்தார். எனவே அந்த ஆசைக்கு மண்ணில் வேர் இருந்தது. ஆனால் முழுவதும் அதனால் அல்ல. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று நம்பிய ஊர் எங்களுடையது. பதினொரு வயதுப் பிள்ளைகள் நாங்கள் எழுதியவற்றில் பாதி, வீட்டு விறாந்தையில் பெரியவர்கள் பேசியதன் பிரதிதான்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1972இல் கல்விச் சீர்திருத்தம் வந்து, எங்களுக்குத் தொழில்முன்னிலைப் பாடங்கள் என்று ஒரு புதுவகை வந்தது. பனையோலை வேலையும் வீட்டுத்தோட்டமும் பாடசாலைப் பாடமாயின. பெட்டி இழைக்கக் கற்றோம், கத்தரி நட்டோம். வீட்டில் ஒருவரும் அந்தப் பாடத்தின் புள்ளியைக் கேட்டதில்லை.

பஸ் றைவர் என்று எழுதியவள் தினமும் இ.போ.ச. பஸ்சில் வருகிறவள். சாரதிக்கு இடப்பக்கத்து ஆசனத்தைப் பிடிப்பதற்காகவே முதல் ஆளாக ஏறுவாள். ‘ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களையும் பள்ளிக்கூடம் போகிறவர்களையும் நேரத்துக்குக் கொண்டுபோய் இறக்கி விடுவேன்’ என்று அவள் எழுதியிருந்ததை ரீச்சர் உரத்து வாசித்தார். நாங்கள் சிரித்தோம். மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தோம். ரீச்சரும் சிரித்துவிட்டு ‘நல்ல கற்பனை’ என்று சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தார். அடுத்த தவணையில் அதே தலைப்பு வேறு வடிவில் வந்தபோது அவளும் டொக்டர் என்று எழுதினாள். கணக்கு 22 ஆயிற்று.

பிறகு நடந்தவற்றை இங்குள்ள பலர் எங்களைவிட நன்றாக அறிவீர்கள். சுருக்கமாகச் சொல்கிறோம். 1971இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது, 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அதே 1974இல் திருநெல்வேலியில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. 1978இல் அங்கே மருத்துவ பீடமும் வந்தது. ஒரு கதவு ஒடுங்க, இன்னொரு கதவு பாதி திறந்தது. அந்தப் பாதிக் கதவால் எங்களில் ஒருத்தி உள்ளே போனாள். இன்னொருத்தி வெளிநாட்டிலே படித்து மருத்துவரானாள். இருபத்திரண்டில் இரண்டு பேர். மற்றவர்கள் ஆசிரியைகளாகவும், எழுதுவினைஞர்களாகவும், தாதியராகவும், வங்கியில் காசாளராகவும், ஒஸ்லோவில் முதியோர் இல்லப் பணியாளராகவும், பாரிசில் உணவகச் சமையற்கட்டிலும், மெல்பேர்னில் கணக்காளராகவும் ஆனார்கள். சட்டம் படிக்க இருந்தவள் மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். நான்கு பேர் இன்று எங்களோடு இல்லை. அவர்களை நினைத்து ஒரு கணம் நிற்கிறோம்.

‘சின்ன வயதுக் கனவுகள் மாறும், அது இயற்கை’ என்று சொல்வார்கள். இந்த உரையின் முதல் வரைவில் நாங்களும் அப்படித்தான் எழுதியிருந்தோம். அதை வாசித்த எங்கள் தோழி ஒருத்தி ஒரு குரற்பதிவு அனுப்பினாள். எஞ்சினியர் என்று எழுதிய நால்வரில் ஒருத்தி, வகுப்பிலேயே கணக்கில் முதலாவதாக நின்றவள் அவள். உயர்தர வகுப்பில் படிக்கும்போது தகப்பனார் இறந்துபோனார். அவளுக்குப் பின்னால் மூன்று தங்கைமார். தட்டச்சுப் படித்து, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலைக்குப் போனாள். மூன்று தங்கைமாரையும் படிப்பித்து முடித்தாள். அவள் சொன்னது இது:

‘‘எனக்குக் கனவு மாறேல்லை. கிடைக்கேல்லை. இரண்டும் ஒண்டில்லை. தயவுசெய்து இரண்டையும் ஒண்டாக்கி மேடையிலை பேசாதேங்கோ.’’

அதற்குப் பிறகு முதல் வரைவைக் கிழித்துப்போட்டோம். அவளுடைய தியாகத்தைப் புகழ்ந்து ஒரு பந்தி எழுதலாம். அவள் அதையும் வேண்டாம் என்றாள். இன்றைக்கும் பேரப்பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தை வாங்கி, விடையைப் பாராமல் செய்து பார்க்கிறாளாம். அதை மட்டும் சொல்ல அனுமதி தந்தாள்.

அவள் பிரித்துக் காட்டிய பிறகு மற்றவர்களின் கதைகளையும் பிரித்துப் பார்த்தோம். எல்லாம் ஒரே வகையாக இல்லை.

யாழ்ப்பாணத்தில் படித்து மருத்துவரான தோழி சொல்கிறாள், அந்தக் கனவு முதலில் தன்னுடையதே அல்ல, அம்மாவுடையது என்று. மருத்துவ பீடத்தின் முதல் வருடம் முழுக்க அழுதாளாம். பின்னர், மருந்தும் மின்சாரமும் இல்லாத நாட்களில், அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் பிரசவம் பார்த்த ஓர் இரவில், இது என் வேலைதான் என்று முதன்முதலாக நினைத்தாளாம். இரவல் வாங்கிய கனவு சொந்தமாவதும் உண்டு. ஓய்வுபெற்ற பின் இப்போது வீணை படிக்கிறாள். குருவுக்கு இவளைவிட முப்பது வயது குறைவு.

நூலகர் என்று எழுதியவள் சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தகப்பனின் சைக்கிளில் போய்வந்தவள். 1981 ஜூனில் அது எரிந்தபோது எங்களுக்கு இருபது வயது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின என்பார்கள். அவளுக்குப் போனது அதோடு இன்னொன்று. ஆசிரியையாகி, படிப்பித்து, ஓய்வுபெற்றாள். நூலகம் என்ற எண்ணிம நூலகத்தை 2005இல் இளைஞர்கள் இணையத்தில் தொடங்கினார்கள் அல்லவா? தன்னிடமிருந்த பழைய பாடசாலை மலர்களையும் கோயில் மலர்களையும் தட்டித் துடைத்து அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ‘‘நூலகராக வரேல்லை. ஆனால் ஒரு தட்டு நிரப்பியிருக்கிறன்’’ என்று சிரிக்கிறாள்.

இனி, ஆச்சரியக் குறி போடப்பட்டவள். கலியாணம் செய்து ரொறன்ரோ போனாள். முதற் பதினைந்து வருடமும் தொழிற்சாலையில் பெட்டி கட்டினாள். 43ஆவது வயதில், வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல், பாடசாலை பஸ் ஓட்டுவதற்கான ‘பி’ வகுப்பு அனுமதிப்பத்திரத்துக்குப் படித்தாள். பிறகு பதினேழு வருடம் மஞ்சள் பஸ் ஓட்டினாள். பனிக்காலத்தில் விடிய ஐந்து மணிக்கு எழும்பி, பஸ்சைச் சுற்றி நடந்து சில்லையும் விளக்குகளையும் பரிசோதிப்பாள். பிள்ளைகளை இறக்கியபின் கடைசி ஆசனம்வரை நடந்துபோய், நித்திரையாகிப்போன பிள்ளை எதுவும் தங்கிவிட்டதா என்று பார்ப்பாள். அது சட்டதிட்டம். ஆனால் அவள் சொல்லும்போது பூசை முறைபோல இருக்கும்.

2014இல் ரொறன்ரோவில் எங்களிற் சிலர் கூடியபோதுதான் இதைச் சொன்னாள். நாங்கள் கைதட்டினோம். கைதட்டி முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, ‘‘அண்டைக்கு நீங்கள் சிரிச்சது இப்பவும் காதுக்குள்ளை கேக்குது’’ என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். நாற்பத்திரண்டு வருடம் பிந்தி. இன்று அவள் இந்த மண்டபத்தில் நான்காவது வரிசையில் இருக்கிறாள். எழும்பச் சொல்லமாட்டோம், அவளுக்குப் பிடிக்காது. சிரித்த அதே இடத்தில் வைத்து இன்னொருமுறை கேட்கவேண்டும் என்பதற்காகவே இதை வாசிக்கிறோம். மன்னித்துக்கொள்ளடி.

பிள்ளைகளே, உங்களுக்குப் புத்திமதி சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை. ‘என்னவாக வரப்போகிறாய்’ என்று கேட்டு, பதிலுக்குச் சிரித்த தலைமுறை நாங்கள். உங்களில் யாராவது டொக்டர் என்று எழுதினால், அதில் எவ்வளவு உங்களுடையது என்று ஒருமுறை பாருங்கள். முழுவதும் அம்மாவுடையதாக இருந்தாலும் பயப்படவேண்டாம், எங்கள் தோழிக்கு நடந்ததுபோல உங்களுக்கும் நடக்கலாம். மாறினால் மாறட்டும். ஆனால் பணமில்லாமலோ, பெண்பிள்ளை என்பதாலோ, பிறர் சிரித்ததாலோ கைவிடவேண்டி வந்தால், அதை ‘என் மனம் மாறிவிட்டது’ என்று மற்றவர்களுக்காகச் சொல்லாதீர்கள். உள்ளதை உள்ளபடி ஒருவரிடமாவது சொல்லுங்கள். அந்த ஒருவராக இருப்பது சங்கத்தின் வேலை என்று நாங்கள் நினைக்கிறோம்.

அதிபர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெறுபேறு வந்ததும் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தெரிவானவர்களின் படத்தோடு வாசலில் பதாகை கட்டுகிறோம். கட்டுங்கள், எங்களுக்கும் பெருமைதான். 2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவும் இருக்கிறது. தேசியத் தொழிற்றகைமை ஏழு மட்டங்களாக இருக்கிறது. அவ்வழிகளிற் போகும் பிள்ளைகளின் படத்துக்கும் அதே பதாகையில், அதே அளவில் இடம் வேண்டும். அத்தகைய பிள்ளை ஒருத்தியின் படிப்புச் செலவை ஒவ்வோர் ஆண்டும் எங்கள் வகுப்பு ஏற்கும். அதற்கான நிலையான வைப்பின் பத்திரத்தை இன்று பொருளாளரிடம் கையளிக்கிறோம். அந்த நிதிக்கு எங்களில் ஒருவரின் பெயரும் வைக்கவில்லை. ‘36 பேர்’ என்று மட்டும் போட்டிருக்கிறோம்.

வகுப்புத் தலைவி அந்தக் கொப்பியைக் கொண்டுவந்திருக்கிறாள். மதிய போசனத்தின்போது வாசல் மேசையில் இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு புதுக் கொப்பியும் வைத்திருக்கிறோம். தலைப்பு அதே ‘எதிர்காலத்தில் நான்’தான். எண்பது வயது அக்காமாரும் எழுதலாம். இம்முறை ஒருவரும் உரத்து வாசிக்கமாட்டோம், கணக்கும் போடமாட்டோம்.