திருப்பி அனுப்புவதென்றால் காரணத்தைச் சொல்லுங்கள்
(நோட்டன் பிரிட்ஜ் தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எச்.ஐ.வி. பற்றிச் சங்கக் கூட்டத்தில் என்ன பேச்சு என்று சிலர் கேட்கிறீர்கள். நம் லயங்களிலிருந்து எத்தனை பேர் மத்திய கிழக்குக்குப் போயிருக்கிறார்கள்? போகுமுன் இரத்தம் எடுக்கிறார்கள். போன இடத்திலும் எடுக்கிறார்கள். கிருமி இருந்தால் வளைகுடா நாடுகளில் வேலை விசா கிடையாது, விமானம் ஏற்றிவிடுவார்கள். பலருக்குக் காரணம்கூடச் சொல்வதில்லை. வந்தவர் மருந்தில்லாமல் வீட்டுக்குள் கிடக்கிறார். நாமோ பீலிக்கரையில் கதை கட்டுகிறோம்.

இலங்கை மட்டும் கேட்டால், வேறு நாட்டில் ஆள் எடுப்பார்கள். ஒரு தோட்டம் மட்டும் வேலைநிறுத்தம் செய்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாததா? ஆள் அனுப்பும் ஆசிய நாடுகள் 2003இல் கொழும்பில் கூடின. 'கொழும்புச் செயன்முறை' என்றே அதற்குப் பெயர். இந்தியா, நேபாளம், பங்களாதேஷ், பிலிப்பைன்ஸ் எல்லாம் அதில் உண்டு. பரிசோதனை முடிவை அவரவர் மொழியில் சொல்ல வேண்டும், ஊர்க் கிளினிக்குக்குக் கடிதம் தர வேண்டும், சம்பள பாக்கியைத் தீர்த்து அனுப்ப வேண்டும். இதை அந்நாடுகள் ஒரே குரலில் கேட்கட்டும். வேலைக்காக எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சர்வதேச தொழில் அமைப்பு 2010இலேயே பரிந்துரைத்துவிட்டது.

இங்கே மருந்து இலவசம். ஒழுங்காகக் குடித்து, இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்தால், உடலுறவால் துணைக்குத் தொற்றாது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார அமைப்பு இலங்கைக்குச் சான்று தந்தது. நம் கர்ப்பிணிப் பெண்கள் கிளினிக்கில் கொடுத்த இரத்தத்துக்கும் அதில் பங்குண்டு.

தீர்மானம் வாசலில் இருக்கிறது, கையெழுத்திட்டுப் போங்கள். திரும்பி வந்தவர் யார் என்ற பெயர் மட்டும் அதில் வேண்டாம்.