ஆட்டின் வயிறும் அறிவியல் பாடமும்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

உள்ளூர்ச் சூழலோடு பாடத்தை இணைப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஆட்டைப் பற்றிப் பேசப் போகிறேன்.

எங்கள் பள்ளி கரிசல் காட்டில் இருக்கிறது. என் வகுப்பில் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வீட்டில் ஆடு உண்டு. பெரும்பாலும் கன்னி ஆடு. தூரத்தில் வரும்போதே இது பால்கன்னி, இது செங்கன்னி என்று நிறம் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் வீட்டில் ஆடு என்பது சேமிப்புக் கணக்கு. அக்காவின் கல்லூரிக் கட்டணம், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் ஒரு கிடாவை விற்றுத்தான் நடக்கும். ஆட்டுக்குக் கழிச்சல் என்றால் மறுநாள் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் குறையும். செரிமானப் பாடத்தை ஆட்டிலிருந்து தொடங்க எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

ஆட்டுக்கு நான்கு அறை வயிறு என்று எல்லோரும் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். முதல் அறையான ருமெனில் என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் தழையை நொதிக்க வைக்கின்றன. அவை உண்டாக்கும் கரிம அமிலங்கள்தாம் ஆட்டின் முக்கிய ஆற்றல் மூலம். நாம் ஆட்டுக்குத் தீனி போடுவதாக நினைக்கிறோம். முதலில் சாப்பிடுவது அந்த நுண்ணுயிரிகள். ருமெனின் pH பொதுவாக 6க்கும் 7க்கும் இடையில் இருக்கும். அமிலம் ஊறிக்கொண்டே இருந்தும் அது அதிகம் இறங்காததற்கு ஒரு காரணம் எச்சில். அசை போடப்போட பைகார்பனேட் கலந்த எச்சில் உள்ளே போய் அமிலத்தை நடுநிலையாக்குகிறது. நடுநிலையாக்கல் வினைக்கு நாம் எப்போதும் சொல்லும் எறும்புக்கடிக்கும் சுண்ணாம்புக்கும் பக்கத்தில் இதையும் வைக்கலாம்.

இப்போது கல்யாண வீட்டுக்கு வாருங்கள். பந்தி முடிந்ததும் மிஞ்சிய சோற்றை ஆட்டுக்குக் கொட்டுகிறார்கள். ஆடு ஆவலாகத் தின்கிறது. சோறு மென்மையானது, அசை போட வேலையில்லை, எச்சில் குறைகிறது. மாவுச்சத்தோ வேகமாக நொதித்து லாக்டிக் அமிலமாகிறது. pH 5.5க்குக் கீழே இறங்கினால் நல்ல நுண்ணுயிரிகள் சாகத் தொடங்கும். மறுநாள் காலையில் ஆடு எழாது. என் மாணவன் ஒருவன் வீட்டில் இப்படி ஒரே இரவில் இரண்டு ஆடுகள் போயின, ஒன்று சினை. இந்தப் பாடத்தைக் கேட்டபோது அவன், “அப்ப யாரும் கண்ணு வைக்கலையா டீச்சர்?” என்று கேட்டான். அவன் அம்மா பக்கத்து வீட்டோடு பேசுவதை நிறுத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது.

அடுத்து மூலிகை. செரிக்காமல் நிற்கும் ஆட்டுக்கு வெற்றிலையில் மிளகு, பூண்டு, சீரகம் வைத்து அரைத்து வெல்லத்தோடு கொடுப்பது எங்கள் பக்கத்து அப்பத்தாக்களின் வழக்கம். இதைச் சிரித்து ஒதுக்கும் ஆசிரியரும் உண்டு, எல்லாமே முன்னோர் கண்டறிந்தது என்று முழங்குகிறவரும் உண்டு. இரண்டு பேருமே பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுவதில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மரபுசார் மூலிகை மருத்துவத்தில் ஆய்வும் பயிற்சியும் நடத்துகிறது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முழுமையாகத் தடை செய்த பிறகு, தாவரப் பொருள்கள் மீது உலகம் முழுவதும் கவனம் கூடியது. எனவே கேட்க வேண்டியது, எந்தப் பொருள், எந்த அளவில், என்ன செய்கிறது என்பதுதான்.

டானினை எடுத்துக்கொள்வோம். கருவேலங்காயில் துவர்ப்பாக இருப்பது அதுதான். டானின் ருமெனில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்காமல் காக்கிறது. நான்காவது அறையில் அமிலம் கடுமையாக இருப்பதால் அந்தப் பிணைப்பு விடுகிறது. புரதம் ஆட்டுக்கே கிடைக்கிறது. பால் கறக்கும் ஆட்டுக்கு இது லாபம். டானின் உள்ள தழை சில குடற்புழுக்களின் தொல்லையைக் குறைப்பதாகவும் ஆய்வுகள் உண்டு. ஆனால் அளவு மீறினால் அதே டானின் பசியை மந்தமாக்கும், புரதம் செரிக்காமலே வெளியேறும். ஆடு தானே ஒரு செடியில் இரண்டு வாய், அடுத்த செடியில் இரண்டு வாய் என்று மேய்வதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். சந்தையில் விற்கும் மூலிகைப் பொடிப் பொட்டலத்தில் எந்தச் செடி எவ்வளவு என்றே அச்சிட்டிருப்பதில்லை. அதைக் கொண்டுவரச் சொல்லி வகுப்பில் வாசித்தோம். அரை மணி நேரக் கேள்விகள் வந்தன.

புழுவைப் பொறுத்தவரை நான் கண்டிப்பானவள். நான்காவது வயிற்றில் இருந்து ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு, ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் எவ்வளவு? 50 மில்லி. இந்தக் கணக்கைப் போட்டதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. முற்றிய நிலையில் வேப்பிலைச் சாறு போதும் என்று காத்திருந்தால் ஆடு போய்விடும். தென்னாப்பிரிக்காவில் உருவாக்கிய ஃபமாச்சா அட்டை, ஆட்டின் கீழ் இமை உட்புறத்தை ஐந்து நிறப்படிகளோடு ஒப்பிட்டு ரத்தசோகையைக் கணிக்க உதவுகிறது. (அதை நம் பள்ளி பிரின்டரில் எடுத்துப் பயன்படுத்தாதீர்கள், நிறம் மாறிவிடும்.) அட்டை இல்லாவிட்டாலும் நல்ல சிவப்பு எது, வெளுப்பு எது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். வாரம் ஒருமுறை காலை வெளிச்சத்தில் பார்த்து நோட்டில் குறிக்கிறார்கள். என்ன தழை தின்றது, என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதும் அதில் உண்டு. வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மருந்துக்கு அடங்காத புழுக்கள் பெருகுவது தாமதமாகும். இயற்கைத் தேர்வுப் பாடத்துக்கு இதைவிட அருகில் உதாரணம் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. மருந்து புகட்டும்போது நாக்கை இழுத்துப் பிடித்து, தலையை அண்ணாந்து தூக்கி ஊற்றுகிறார்கள். புரையேறி நுரையீரலுக்குப் போனால் மூலிகையும் விஷம்தான். எந்த அளவையும் நான் வகுப்பில் சொல்வதில்லை. அது கால்நடை மருத்துவரின் வேலை.

அவரை எங்கள் பள்ளிக்கு அழைத்திருக்கிறேன், அடுத்த மாதம் வருகிறார். பிள்ளைகள் இப்போதே கேள்விகளை எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். முதலில் விழுந்த சீட்டு அந்த மாணவனுடையது: “சோறு தின்னுட்டா, உடனே என்ன செய்யணும்?”