அம்மாவால் ஏன் குதிகாலைத் தூக்க முடியவில்லை?

போன வருஷம் எங்க வீட்டில் நடந்த ஒரு விஷயத்தில் இருந்து இன்றைய எபிசோடை ஆரம்பிக்கிறேன்.

அம்மாவுக்கு 52 வயசு. ஸ்கூல் டீச்சர். நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை. சாயங்காலம் வந்து உட்கார்ந்ததும் இடது கணுக்காலோட உள்பக்கத்தைப் பிடிச்சு அமுக்கிக்கிட்டே இருப்பாங்க. கேட்டா, "வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லுவாங்க. நானும் ஒரு ஆயின்மென்ட் வாங்கிக் கொடுத்ததோட சரி. இப்படியே பல மாசம் போச்சு.

கடைசியில் டாக்டர்கிட்ட போனோம். அவர் உடனே ஸ்கேன் எதுவும் எழுதலை. "சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு, ஒத்தைக் கால்ல நின்னு குதிகாலைத் தூக்குங்கம்மா"ன்னார். வலது கால்ல தூக்கிட்டாங்க. இடது கால்ல முடியலை. ஒரு அங்குலம்கூட எழும்பலை.

ஆடுசதையில பலம் இல்லைன்னு நான் நினைச்சேன். டாக்டர் கையை வெச்சுக் காட்டினது பாதத்தோட உள்வளைவை. இடது பாதத்தில் அந்த வளைவு கிட்டத்தட்ட தரையைத் தொட்டுக்கிட்டு இருந்தது. வலது பாதம் அப்படி இல்லை.

பாத வளைவுக்கும் கெண்டைக்காலுக்கும் என்ன சம்பந்தம்? அதுதான் இன்னிக்கு விஷயம்.

நம்ம ஆடுசதையைத் தொட்டால் கையில் தட்டுப்படுற பெரிய தசை காஸ்ட்ரோக்னீமியஸ். அதுக்கு அடியில் சோலியஸ். ரெண்டும் சேர்ந்து அக்கிலிஸ் தசைநாணாகி, குதிகால் எலும்பில் போய் முடியும். நடக்கும்போது நம்மை முன்னால தள்ளுறதில் பெரும்பங்கு இவற்றோடதுதான்.

ஆனா அதுக்கும் உள்ளே, எலும்பை ஒட்டி இன்னொரு தசை இருக்கு. பேர் டிபியாலிஸ் போஸ்டீரியர். வெளியில இருந்து பார்த்தா தெரியாது. இதோட தசைநாண், கணுக்காலின் உள்பக்கம் துருத்திக்கிட்டு இருக்கிற எலும்புக்குப் பின்னால இறங்கி, பாத வளைவுக்கு அடியில் போய் எலும்புகளைப் பிடிக்குது. வளைவை மேலே இழுத்துப் பிடிக்கிறது இதோட முக்கியமான வேலை. அம்மா பிடிச்சு அமுக்கிக்கிட்டு இருந்தது சரியா இந்த இடத்தைத்தான்.

இப்போ ஒரே ஒரு அடி எடுத்து வைப்போம். குதிகால் தரையில் படுது. உடனே பாதம் கொஞ்சம் உள்பக்கமா சாயுது, வளைவு இறங்குது. இது தப்பில்லை. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கு. அவை இப்படித் தளர்ந்து கொடுக்கிறதால்தான் பாதம் அதிர்வைத் தாங்குது, மேடுபள்ளத்துக்கு ஏத்தபடி வளைஞ்சு கொடுக்குது.

அடுத்த நொடி குதிகால் எழும்பணும். அப்போ அதே பாதம் விறைப்பான நெம்புகோலா மாறணும். டிபியாலிஸ் போஸ்டீரியர் இழுத்து வளைவை நிமிர்த்துது. கால்விரல்கள் மேல்நோக்கி மடங்கும்போது உள்ளங்காலில் இருக்கிற திசுப்பட்டையும் இறுகி வளைவைத் தூக்குது. இதை ஹிக்ஸ் என்பவர் 1954-லேயே விளக்கி எழுதியிருக்கார். பாதம் விறைச்ச பிறகுதான் பெரிய ஆடுசதை போடுற பலம் தரைக்கு முழுசா போய்ச் சேரும். விறைக்கலைன்னா, பஞ்சு மெத்தை மேல நின்னு எம்பிக் குதிக்கிற கதைதான். பலம் இருக்கும், உடம்பு எழும்பாது. அம்மாவோட குதிகால் எழும்பாததுக்குக் காரணம் இதுதான்.

சரி, வளைவு தாழ்வா இருக்கிறவங்களுக்கு நடக்கும்போது தசைகள் எப்படி வேலை செய்யுது? 2009-ல் மெல்பர்னின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மர்லியும் அவரோட குழுவும் இதை அளந்து பார்த்தாங்க. மொத்தம் 60 பேர். 30 பேருக்கு சாதாரண வளைவு, 30 பேருக்கு தட்டைப் பாதம். டிபியாலிஸ் போஸ்டீரியர் ஆழத்தில் இருக்கிறதால, தோல் மேல ஒட்டுற பட்டை போதாது. மெல்லிய கம்பியை ஊசி மூலமா தசைக்குள்ளேயே வெச்சு மின் செயல்பாட்டை அளந்தாங்க.

ஒரு தசையை முழு பலத்தோட இறுக்கும்போது வர்ற அளவை 100-னு வெச்சுக்குங்க. உந்தி நடக்கிற கட்டத்தில், சாதாரண பாதக்காரர்களுக்கு டிபியாலிஸ் போஸ்டீரியர் உச்சத்தில் 60 தொட்டது. தட்டைப் பாதக்காரர்களுக்கு 86! அதே கட்டத்தில், காலோட வெளிப்பக்கம் இருக்கிற பெரோனியஸ் லாங்கஸோட செயல்பாடு தட்டைப் பாதக்காரர்களுக்குக் குறைவா இருந்தது. உள்பக்கம் சாயுற பாதத்தை நிமிர்த்துற தசைக்கு வேலை கூடுது. வெளிப்பக்கத் தசைக்கு வேலை குறையுது.

இதைக் கேட்டுட்டு, "ஐயோ, எனக்கு ஃபிளாட் ஃபுட்டாச்சே"ன்னு யாரும் பயப்பட வேண்டாம். கிருஷ்ண ஜெயந்திக்கு வாசல்ல இருந்து பூஜை அறை வரைக்கும் மாக்கோலத்தில் குட்டிப் பாதம் போடுவோமே, அதில் நடுவில் அழகா ஒரு உள்வளைவு இருக்கும். நிஜத்தில் அந்த வயசுக் குழந்தைக்குப் பாதம் தட்டையாத்தான் இருக்கும். வளைவு பல வருஷத்தில் மெதுவா உருவாகும். சிலருக்கு பெரியவங்களான பிறகும் தாழ்வாவே இருக்கும். அதில் நிறைய பேர் வலியே இல்லாம நடக்கிறாங்க, ஓடுறாங்க. தசை அதிகமா வேலை செய்யுதுன்னா நோய்னு அர்த்தம் இல்லை.

கவனிக்க வேண்டியது, வளைவு மாறுறதைத்தான். இதுவரைக்கும் நல்லா இருந்த வளைவு ஒரு கால்ல மட்டும் இறங்குதா? கணுக்காலின் உள்பக்கம் வீக்கமோ வலியோ இருக்கா? பின்னால நின்னு பார்த்தா, ஒரு பாதத்தில் மட்டும் வெளிப்பக்கம் கூடுதலா விரல்கள் தெரியுதா? ஒத்தைக் கால்ல குதிகாலைத் தூக்க முடியலையா? இதில் எது இருந்தாலும் எலும்பு டாக்டரைப் பாருங்க. அந்தத் தசைநாண் பழுதாகிற பிரச்சனை நடுத்தர வயசுப் பெண்களுக்கு அதிகம். உடல் எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தா வாய்ப்பு இன்னும் கூடுது. ஆரம்பத்திலேயே பிடிச்சா ஓய்வு, செருப்புக்குள்ள வளைவைத் தாங்குற இன்சோல், பிசியோதெரபி இதுங்களே பலருக்குப் போதும். விட்டுட்டா பாதத்தோட அமைப்பே மாறி, ஆபரேஷன் வரைக்கும் போகலாம்.

அம்மாவுக்கு தசைநாண் வீங்கியிருந்தது, கிழியலை. சில வாரம் கணுக்கால் பட்டை, அப்புறம் இன்சோல், தினமும் பயிற்சி. போன வாரம் சமையலறை மேடையைப் பிடிச்சுக்கிட்டு இடது குதிகாலை அஞ்சு தடவை தூக்கிட்டு, "எண்ணினியா?"ன்னு என்னைக் கேட்டாங்க.

இன்னிக்கு உங்க வீட்லயும் இதைச் செஞ்சு பாருங்க. அம்மாவையோ அப்பாவையோ சுவர் பக்கத்தில் நிக்க வெச்சு, நீங்க கூடவே நின்னு, ஒவ்வொரு காலா குதிகாலைத் தூக்கச் சொல்லுங்க. ஒரு நிமிஷ வேலை. நான் அதைப் பல மாசம் தாமதமா செஞ்சேன்.