முகாமா? பிரயாணமா?

(பெற்றோர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



கோடை விடுமுறை வந்தால், பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்பொழுது ஒரு புதுக் கவலை வந்துவிடுகிறது. பிள்ளையைக் கோடை முகாமுக்கு அனுப்புவதா, பத்து நாள் ஊர் சுற்றும் குழுவோடு அனுப்புவதா என்பதே அக்கவலை. இதைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது சொற்பம். ஆதலால் பெரிய கல்வி சாஸ்திரமெல்லாம் நம்மிடம் எதிர்பார்க்க வேண்டாம். நமக்குப் பட்டதைச் சொல்லுகிறோம். சரியென்று தோன்றினால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

இவை இரண்டும் பணக்காரர் வீட்டு விளையாட்டு என்று அநேகர் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டுமே பள்ளிக்கூட வாத்தியார்கள் ஆரம்பித்த காரியம். அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்தில் பிரடெரிக் கன் என்ற வாத்தியார் 1861-ஆம் வருஷம் தம் மாணவர்களைச் சுமார் 40 மைல் நடத்திக்கொண்டுபோய்க் கடற்கரையில் கூடாரமடித்துத் தங்க வைத்தார். அந்நாட்டுக் கோடை முகாம்களுக்கு அதையே ஆரம்பமாகச் சொல்லுவார்கள். ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற வாத்தியார் 1909-இல் பிள்ளைகளோடு நடைப் பிரயாணம் போகையில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோலைப் பரப்பி ராத்திரியைக் கழித்தார்கள். விடுமுறையில் பள்ளிக்கூடங்கள் சும்மாதானே கிடக்கின்றன, ஊர் பார்க்க வரும் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன என்று அவர் யோசித்தார். 1912-இல் ஆல்டெனா கோட்டையில் நிலையான விடுதி ஏற்பட்டது. இன்று பல தேசங்களில் இருக்கிற இளைஞர் விடுதிகள் அதன் வழியில் வந்தவை. வைக்கோலில் ஆரம்பித்த காரியம் இன்று எத்தனை ஆயிரம் ரூபாயில் வந்து நிற்கிறதென்று பாருங்கள்!

முகாம் என்பது ஒரே இடத்தில் பலரோடு சமமாக வாழப் பழக்குவது. தன் தட்டைத் தானே கழுவ வேண்டும், தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். பிரயாணம் என்பது நம்மை யாரென்றே தெரியாத இடத்தில் நிற்கப் பழக்குவது. பாஷை தெரியாத ஊர் ரயில் நிலையத்தில், இன்னாருடைய மகன் என்ற பேச்சு அரைக்காசுக்கும் உதவாது. வழி கேட்கவும், சில்லறையை எண்ணி வாங்கவும் தெரிந்தால்தான் பிழைப்பு.

ஆகையால் எது சிலாக்கியம் என்று கேட்பதைவிட, உங்கள் பிள்ளைக்கு எது குறைவு என்று கேளுங்கள். வீட்டில் ஒற்றைப் பிள்ளையாய், கேட்டதெல்லாம் கைக்கு வந்து, ராஜா மாதிரி வளர்ந்தவனா? அவனை முகாமுக்கு அனுப்புங்கள். விடுதியிலேயே படிப்பவன், அல்லது பத்துப் பேர் உள்ள வீட்டில் பாய்க்குச் சண்டை போட்டு வளர்ந்தவன் என்றால், அவன் முகாமில் புதிதாகக் கற்க அதிகமில்லை, அவனை ரயிலேற்றுங்கள். ஆனால் குளிர்சாதனப் பஸ்ஸில் உட்கார்த்தி, கண்ணாடி வழியாய் ஊரைக் காட்டி, மூன்று வேளையும் நம்மூர்ச் சாப்பாடே போட்டுத் திருப்பிக் கொண்டுவருவதைப் பிரயாணமென்று நாம் ஒப்புக்கொள்ளுவதில்லை. பார்சல்கூட அவ்வளவு தூரம் போய்வருகிறது.

முகாம் என்றாலே ஒற்றுமை வந்துவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். 1954-இல் முசாபர் ஷெரீப் என்ற மனோதத்துவப் பேராசிரியர் அமெரிக்காவில் ஒக்லஹோமாவில் ஒரு பரீட்சை செய்தார். ஏறக்குறைய பதினோரு வயதுள்ள 22 பையன்கள். எல்லாரும் ஒரே நிறம், ஒரே மதம், ஒரே மாதிரிக் குடும்பம். அவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்து, ஆளுக்கொரு பேர் வைத்துக்கொள்ளவிட்டுப் பரிசுக்குப் போட்டி வைத்தார். சில நாட்களுக்குள் ஒருவர் கொடியை ஒருவர் கொளுத்தினார்கள். ஒருவர் குடிசைக்குள் ஒருவர் புகுந்து சூறையாடினார்கள். உயர்வு தாழ்வுக்கு நிறமும் வேண்டியதில்லை, பிறவியும் வேண்டியதில்லை. இரண்டு பேரும் ஒரு பரிசும் போதுமாயிருந்தது. பிறகு கூட உட்கார்ந்து சாப்பிட வைத்தார்கள், சாப்பாட்டையே வீசிக்கொண்டார்கள். கடைசியில் தண்ணீர் வருவது நின்றுபோகும்படியும், சாப்பாடு கொண்டுவரப் போகும் லாரி கிளம்பாதபடியும் செய்து, இரு கட்சியும் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தாலொழிய முடியாது என்ற நிலை உண்டாக்கிய பிறகே பகை தணிந்தது. (சிறு பிள்ளைகளை அவர்களறியாமல் இப்படிச் சோதித்தது நியாயமா என்பது வேறு கேள்வி.) ஆகவே முகாம்காரர் எத்தனை போட்டி, எத்தனை கோப்பை என்று பெருமையடித்தால், பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து செய்கிற வேலை என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். எல்லாரும் ஒரே பந்தியா என்றும் கேளுங்கள்.

உயிர் விஷயத்தில் கூச்சம் கூடாது. 2018 மார்ச்சில் தேனி ஜில்லா குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்குச் சர்க்கார் விதிகள் வந்தன. 2024-இல் வனத்துறையே 40 பாதைகளைக் குறித்துப் பதிவு முறையும் ஏற்படுத்திற்று. அனுமதிச் சீட்டு எங்கே, எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர், நீந்துமிடத்தில் காவல் யார் என்று கேட்டால் முகம் சுளிக்கிற ஆளிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

பணமில்லாதவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. நாலைந்து வீட்டுப் பிள்ளைகள், நம்பிக்கையான பெரியவர் ஒருவர், சாதாரண ரயில் டிக்கட்டு போதும். மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் 2023 முதல் அருங்காட்சியகம் இருக்கிறது. வழி விசாரிப்பதும், டிக்கட்டு வாங்குவதும், கணக்கெழுதுவதும் பிள்ளைகளே செய்யட்டும். பெரியவர் பின்னால் நடந்தால் போதும்.

கடைசியாக ஒரு விஷயம். இவ்வளவு நேரம் “அவன்”, “பையன்” என்றே பேசிவந்தோம். ஒரு தாயார்கூட “பெண்ணுக்கு?” என்று கேட்கவில்லை. பையனை இமயமலைக்கு அனுப்பத் துணிகிற தகப்பனார், பெண்ணை அடுத்த ஜில்லாவுக்கு அனுப்பச் சொன்னால் காலம் கெட்டுக்கிடக்கிறது என்கிறார். கெட்ட காலம் பையனுக்கு மட்டும் நல்ல காலமாக எப்படி ஆயிற்று? அவனுக்குக் கேட்கிற காவலையும் விசாரணையையும் இவளுக்கும் கேட்டு அனுப்புங்கள். இந்த வருஷம் ஒருவருக்குத்தான் பணமிருக்கிறதென்றால் முதலில் அவளை அனுப்புங்கள். பையனுக்கு இன்னும் எத்தனையோ கோடைகள் வரும். அவளுக்குப் பதினெட்டு முடிந்ததும் நீங்களே மாப்பிள்ளை தேடக் கிளம்பிவிடுவீர்கள்.